வங்கிக் கணக்கில் தகாத பிடித்தங்கள்: அறிதலும் திரும்பப் பெறுதலும்

வங்கிக் கணக்கு இல்லாத குடும்பம் இன்று நம் கிராமங்களில் அரிது. பயிர்க்கடன், பால் பணம், முதியோர் உதவித்தொகை, மகளிர் குழுச் சேமிப்பு ஆகிய யாவும் வங்கி வழியே வந்து வங்கி வழியே செல்கின்றன. ஆயினும் கணக்குகள் பெருகிய அளவிற்குக் கணக்குப் புத்தகத்தைப் படிக்கும் பழக்கம் பெருகவில்லை. கடைசிப் பத்தியில் இருப்பு எவ்வளவு என்று நோக்கிவிட்டுப் புத்தகத்தை மடித்து வைத்துவிடுகிறோம். அதற்கு முந்திய பற்றுப் பத்தியில் பதினேழு ரூபாய், ஐம்பத்தொன்பது ரூபாய், நூற்றுப் பதினெட்டு ரூபாய் என்று சிறு சிறு தொகைகள் எழுதப்பெற்றிருக்கும். அவை என்ன, எதற்காக, எந்த விதியின்படி என்று வினவுவோர் மிகச் சிலரே.

தொகை சிறிது என்று ஒதுக்கத்தக்க விஷயம் அன்று இது. குறைந்தபட்ச இருப்பு வைக்காத காரணத்தால் பொதுத்துறை வங்கிகள் 2019–20 முதல் 2023–24 முடிய ஐந்து ஆண்டுகளில் பெற்ற தொகை ஏறத்தாழ 8,500 கோடி ரூபாய் என்று மத்திய நிதியமைச்சகம் 2024ஆம் ஆண்டு ஜூலையில் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இருப்பு வைக்க இயலாதவர் யார்? பணம் உடையவர் அல்லர்.

நம் மாநிலத்திலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் கலைஞர் மகளிர் உரிமைத் திட்டம் தொடங்கப்பெற்று, குடும்பத் தலைவியர் கணக்குகளில் 1,000 ரூபாய் செலுத்தப்பட்டது. நெடுநாள் இயங்காதிருந்த கணக்குகள் சிலவற்றில் அத்தொகை வந்தவுடன், பழைய கட்டணப் பாக்கி என்று வங்கிகள் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டன. புகார்கள் எழுந்தன. மாநில நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அச்செயலைக் கண்டித்து அறிக்கை விடுத்தார். அரசு தலையிட்டதால் அன்று அச்செய்தி வெளிவந்தது. மற்ற நாள்களில் அவரவர் கணக்கை அவரவரே காத்துக்கொள்ளுதல் வேண்டும். அதற்குரிய முறையை இக்கட்டுரை எடுத்துரைக்கும்.

கேட்ட கடனும் கேளாத கடனும்

கணக்கிலுள்ள பணத்திற்கு மேல், வங்கி ஒப்புக்கொண்ட வரம்பு வரை எடுத்துக்கொள்ளும் வசதிக்கு ஓவர்டிராப்ட் என்று பெயர். ஓ.டி. என்று சுருக்கமாகச் சொல்வர். ஜன் தன் கணக்கு உடையோரில் தகுதி பெற்றவர்க்கு 10,000 ரூபாய் வரை இவ்வசதி உண்டு. 2018ஆம் ஆண்டுக்கு முன் அவ்வரம்பு 5,000 ரூபாயாக இருந்தது. 1998ஆம் ஆண்டு வந்த உழவர் கடன் அட்டையும் ஏறத்தாழ இவ்வகையினதே. வரம்பு ஒரு லட்சமாயினும், எடுத்தது நாற்பதாயிரமாயின், நாற்பதாயிரத்திற்கே, அதுவும் எடுத்த நாள் முதற்கொண்டே வட்டி. வரம்பு முழுமைக்கும் வட்டி போடப்பெற்றிருந்தால் அது பிழை.

இது கேட்டுப் பெற்ற கடன். கேளாமலே வந்து சேரும் கடன் வேறொன்று உண்டு. சேமிப்புக் கணக்கில் இருந்த நூற்றெண்பது ரூபாயையும் மாதக் கட்டணங்கள் தின்று தீர்த்தபின், கணக்கு சுழிக்குக் கீழே இறங்கி, ‘540 ரூபாய் பற்று’ என்று நிற்கும். கணக்குக்கு உரியவர் ஒரு காசும் அதிகம் எடுக்கவில்லை. எனினும் அவர் கடனாளி. பின்னர் 1,200 ரூபாய் உதவித்தொகை வந்தால், கையில் கிடைப்பது 660 ரூபாய்.

இவ்வாறு செய்யலாகாது என்பதே விதி. ரிசர்வ் வங்கி 2014ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் வெளியிட்டு, 2015ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்குக் கொண்டுவந்த சுற்றறிக்கையில் இது தெளிவாகக் கூறப்பட்டுள்ளது. குறைந்தபட்ச இருப்பின்மைக்குக் கட்டணம் விதித்த ஒரே காரணத்தால் எந்தச் சேமிப்புக் கணக்கும் சுழிக்குக் கீழே செல்லுதல் கூடாது. ஆகவே மேற்கண்ட 540 ரூபாய் முழுவதும் திரும்பக் கேட்டுப் பெறத்தக்கது. பலரும் அறியாத விதி இது. அறிந்தவர் ஒரு கடிதத்தில் காரியத்தை முடித்துக்கொள்கின்றனர்.

அதே சுற்றறிக்கையின் வேறு சில விதிகளையும் பஞ்சாயத்து உறுப்பினர்கள் நினைவில் இருத்துதல் நலம். இருப்பு குறைந்தவுடன் வங்கி அதைக் குறுஞ்செய்தி, மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் அறிவித்தல் வேண்டும். அறிவித்த நாளிலிருந்து ஒரு மாதத்திற்குள் இருப்பைச் சரி செய்யாவிடில் கட்டணம் வரும் என்றும் அதில் கூறுதல் வேண்டும். அறிவிப்பின்றிப் பிடித்த கட்டணம் விதிக்கு மாறானது. மேலும் கட்டணம் குறைவின் அளவிற்கு ஏற்றதாய் இருத்தல் வேண்டும். இரண்டாயிரம் வைக்க வேண்டிய இடத்தில் 1,600 ரூபாய் வைத்திருந்தால், குறைவு நானூறு. அவ்வங்கி குறைவில் 5 விழுக்காடு என்று வகுத்திருக்குமாயின் கட்டணம் 20 ரூபாய். நானூறு குறைந்தவர்க்கும் இரண்டாயிரமும் குறைந்தவர்க்கும் ஒரே தொகை விதித்தல் முறையன்று. இத்தொகையின்மீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி சேரும். கட்டணம் திரும்பும்போது அவ்வரியும் உடன் திரும்புதல் வேண்டும்.

சராசரி இருப்பு என்பதில் நம்மவர் பலர் தடுமாறுவதுண்டு. மாதச் சராசரி என்பது ஒவ்வொரு நாள் முடிவிலும் உள்ள இருப்பைக் கூட்டி, நாள்களின் எண்ணிக்கையால் வகுத்து வருவது. ஒருவர் கணக்கில் பத்து நாள் 5,000 ரூபாய் இருந்தது; நெல் அறுவடைக் கூலிக்கு எடுத்தபின் இருபது நாள் 500 ரூபாயே இருந்தது எனக் கொள்வோம். பத்தை 5,000ஆல் பெருக்கினால் 50,000. இருபதை 500ஆல் பெருக்கினால் 10,000. இரண்டும் சேர்ந்து 60,000. முப்பதால் வகுத்தால் 2,000. தேவை இரண்டாயிரமாயின் அவர் ஒரு காசும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. ‘கடைசியில் ஐந்நூறுதானே இருந்தது, பிடித்திருப்பார்கள்’ என்று தாமே ஒப்புக்கொண்டு போய்விடுவது தவறு. கணக்குப் போட்டுப் பார்த்தபின் ஒப்புக்கொள்ளலாம்.

இத்தொல்லையே வேண்டாம் என்போர்க்கு வழி உண்டு. அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்னும் வகைக்குக் குறைந்தபட்ச இருப்பு கிடையாது. 2012ஆம் ஆண்டிலேயே ரிசர்வ் வங்கி இதனை எல்லா வங்கிகளும் வழங்குதல் வேண்டும் என்று விதித்தது. ஜன் தன் கணக்குகளும் இவ்வகையினவே. உதவித்தொகை பெறும் முதியோர் சாதாரணக் கணக்கு வைத்திருப்பின், அடிப்படைக் கணக்காக மாற்றித் தருமாறு எழுதிக் கொடுக்கலாம். இயங்காக் கணக்கு என்று வகைப்படுத்தப்பட்ட கணக்கில் இருப்பின்மைக் கட்டணம் விதிக்கலாகாது என்று 2014ஆம் ஆண்டு மே மாதம் முதலே விதி உண்டு. வங்கிகளிலும் மாற்றம் வந்துள்ளது. பாரத ஸ்டேட் வங்கி 2020ஆம் ஆண்டு மார்ச்சிலும், இந்தியன் வங்கி, கனரா வங்கி முதலியவை 2025ஆம் ஆண்டிலும் சேமிப்புக் கணக்குகளுக்கு இக்கட்டணத்தை நீக்கின. நீக்கியதற்கு முந்திய பாக்கி என்று பின்னர்ப் பிடித்திருந்தால், எந்த மாதத்திற்குரியது என்று வினவுதல் வேண்டும்.

பயிர்க்கடன் வட்டி

இனி உழவர் பெருமக்களுக்கு மிகவும் உரிய பகுதிக்கு வருவோம். பயிர்க்கடனுக்கு மூன்று லட்சம் ரூபாய் வரை ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டி. உரிய நாளில் செலுத்தினால் அதில் 3 விழுக்காடு ஊக்கச் சலுகை. 2025–26ஆம் ஆண்டுக்கும் மத்திய அரசு இம்முறையை நீட்டித்தது. அறுபதாயிரம் ரூபாய் ஓராண்டுக்கு வாங்கியவர்க்கு வட்டி 4,200 ரூபாய். சலுகை 1,800 போக, அவர் ஏற்பது 2,400 ரூபாயே. கூட்டுறவுக் கடன் சங்கத்தில் உரிய காலத்தில் செலுத்துவோர்க்கு நம் மாநில அரசே வட்டிச் சுமையை ஏற்றுக்கொள்கிறது.

இங்கே ஒரு நாளின் விலை 1,800 ரூபாய் என்பதைக் கவனித்தல் வேண்டும். கெடு நாளன்று பணம் கட்டியும் மறுநாள் வரவு வைக்கப்பெற்றால் சலுகை போய்விடும். எனவே பணம் செலுத்திய சீட்டில் தேதி முத்திரை தெளிவாக உள்ளதா என்று அங்கேயே பார்த்தல் வேண்டும். கெடு நாளுக்கு ஒரு வாரம் முன்பே செலுத்துவது இன்னும் நன்று. சலுகைத் தொகை சில கணக்குகளில் சில மாதம் கழித்தே வரவாகும். வந்ததா என்று பார்ப்போர் குறைவு.

வட்டிக்கு வட்டி என்பது அடுத்த செய்தி. உழவர்க்கு விளைபொருள் விற்ற பணமன்றி மாதந்தோறும் வரும் வருவாய் இல்லை. இதனை ரிசர்வ் வங்கியே காரணமாகக் காட்டி, கெடு முடியாத பயிர்க்கடனில் வட்டியை முதலோடு சேர்த்து அதன்மீது வட்டி வாங்கலாகாது என்று பணித்துள்ளது. வேளாண் கடனில் காலாண்டுக்கொரு முறை கூட்டுவட்டி வாங்குதல் தகாது என்ற கருத்தை உச்ச நீதிமன்றமும் 1994ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் ஏற்றுக்கொண்டது. மேற்கண்ட அறுபதாயிரத்திற்குக் காலாண்டுக் கூட்டுவட்டி போட்டால் ஓராண்டில் 4,311 ரூபாய் வரும். வேறுபாடு 111 ரூபாய். ஒருவர்க்கு அது ஒரு மூட்டைச் சிமெண்டின் விலையும் இல்லை. ஒரு கிளையில் ஆயிரம் பயிர்க்கடன் இருப்பின் அது ஒரு லட்சத்திற்கு மேல். கெடு தவறிய பின் கூட்டுவட்டிக்கு இடமுண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லுதல் வேண்டும். கெடு தவறினாலும் எல்லை உண்டு. சிறு, குறு விவசாயிகளுக்கு வழங்கிய குறுகிய காலக் கடனில், கணக்கில் எழுதும் மொத்த வட்டி முதலுக்கு மேற்படலாகாது. பத்தாண்டு கழித்து நாற்பதாயிரத்திற்கு ஒன்றரை லட்சம் கேட்டு அறிவிப்பு வந்தால், முதலில் நினைக்க வேண்டிய விதி இதுவே.

அபராத வட்டியைப் பற்றியும் புதிய விதி உளது. தவணை தவறியதற்காக வட்டி விகிதத்தையே உயர்த்தும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அதனை வணிக வங்கிகளும் மண்டல ஊரக வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கைவிடுதல் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் ஆணையிட்டது. தவறுக்குக் கட்டணம் விதிக்கலாம். அது தவறின் அளவிற்குப் பொருந்தியதாய் இருத்தல் வேண்டும். அதை முதலோடு சேர்த்து அதன்மீது வட்டி கணக்கிடலாகாது. புதிய கடன்களுக்கு 2024 ஏப்ரல் முதல் நாளிலிருந்தும், பழைய கடன்களுக்கு 2024 ஜூன் 30க்குள்ளும் இது நடைமுறைக்கு வந்தது. அபராத வட்டியை முதலாக்கலாகாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு 2001ஆம் ஆண்டிலேயே கூறியிருந்தது. நகைக்கடன் மீட்கும்போது ‘பீனல் இன்ட்ரஸ்ட்’ என்று இன்றும் சீட்டில் காணப்பட்டால், அதன் விவரம் எழுத்தில் கேட்கத்தக்கது.

சிறு பிடித்தங்கள் பிறவும் உள. குறுஞ்செய்திக் கட்டணம் அனுப்பிய செய்திகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப இருத்தல் வேண்டும். ஆண்டுக்கு 436 ரூபாயும் 20 ரூபாயும் பிடிக்கும் பிரதமர் காப்பீட்டுத் திட்டங்கள் இரண்டும் நல்லவையே. எனினும் ஒப்பமிட்டுச் சேர்ந்தவரிடமிருந்தே பிடித்தல் வேண்டும். கையெழுத்திட்ட படிவத்தைக் காட்டுமாறு கேட்க நமக்கு உரிமை உண்டு. காசோலை திரும்புதல், தானியங்கிப் பிடித்தம் தவறுதல் ஆகியவற்றுக்கு விதிக்கும் கட்டணம் பெரும்பாலும் முறையானதே; கட்டணப் பட்டியலில் உள்ள தொகைதானா என்று மட்டும் பார்த்தால் போதும்.

பிரிட்டனில் நேர்ந்தது

இச்சச்சரவு நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் அனுமதியின்றி இருப்புக்கு மேல் பணம் சென்றுவிட்டால் ஒவ்வொரு முறைக்கும் பெருந்தொகை கட்டணம் விதித்து வந்தனர். வாடிக்கையாளர்கள் திரண்டு, அது நியாயமற்றது என்று கடிதம் எழுதத் தொடங்கினர். 2007ஆம் ஆண்டு வழக்கு தொடங்கிற்று. ஏழு வங்கிகளும் ஒரு வீட்டுக்கடன் சங்கமும் எதிர்வாதிகள். 2009ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அக்கட்டணம் வங்கிச் சேவையின் விலையில் ஒரு பகுதி. ஆதலின் அது தக்க அளவினதா என்று அந்தச் சட்டத்தின்கீழ் ஆராய இயலாது என்று தீர்ப்பளித்தது. வங்கிகள் வென்றன. எனினும் மக்களின் முறையீடு வீண் போகவில்லை. நிதி நடத்தை ஆணையம் விதிகளைத் திருத்தி, 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நிலைக்கட்டணங்களை ஒழித்து, அனுமதி பெற்றதற்கும் பெறாததற்கும் ஒரே வகை ஆண்டு வட்டியே வாங்கச் செய்தது. அவர்கள் ‘நியாயமா’ என்று கேட்டுத் தோற்றனர். நம்மிடம் ஏற்கெனவே எழுதப்பெற்ற விதி உண்டு. ஆகவே நாம் கேட்க வேண்டியது ‘விதிப்படி உள்ளதா’ என்பதே. புகாரை இவ்வாறு அமைத்தால் வலிமை மிகும்.

எழுத்தில் கேட்டல்

வங்கி எழுத்தரிடம் சினந்து பேசுவதால் பயனில்லை. கட்டணத்தை அவர் போடுவதில்லை. இயந்திரம் தானே போடுகிறது. அவரால் செய்யக்கூடியது கணக்கு விவரத்தை அச்சிட்டுத் தருவதே. ஓராண்டுக்குரிய விவரத்தைப் பெற்று, ஐயத்திற்குரிய ஒவ்வொரு பற்றையும் சிவப்பு மையால் கோடிட்டு, தேதியும் தொகையும் தனித்தாளில் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். அதன்பின் கிளை மேலாளருக்குக் கடிதம். அது நீளமாய் இருக்கத் தேவையில்லை. கீழ்க்காணும் மாதிரி போதும்.

‘ஐயா, தங்கள் கிளையிலுள்ள என் சேமிப்புக் கணக்கில் (எண் .....) இத்துடன் இணைத்துள்ள பட்டியலில் கண்ட தேதிகளில் மொத்தம் ..... ரூபாய், குறைந்தபட்ச இருப்பின்மைக் கட்டணமும் அதன் வரியுமாகப் பற்று எழுதப்பெற்றுள்ளது. கட்டணத்திற்கு ஒரு மாதம் முன்னதாக எனக்கு அறிவிப்பு எதுவும் வரவில்லை. இக்கட்டணத்தால் என் கணக்கு சுழிக்குக் கீழே சென்றுள்ளது. இது ரிசர்வ் வங்கியின் 20.11.2014 தேதியிட்ட அறிவுரைக்கு மாறானது. ஆதலின் இத்தொகையை மீண்டும் என் கணக்கில் வரவு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இயலாதெனில், எந்த விதியின்படி பிடிக்கப்பட்டது என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.’

இரு படிகள் எழுதி, ஒன்றில் வங்கி முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுதல் இன்றியமையாதது. பெற மறுத்தால், சென்று சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் வகையில் தபாலில் அனுப்பலாம். அந்தத் தேதியிலிருந்துதான் முப்பது நாள் கணக்கு தொடங்கும். வாய்மொழியாக ஆறு முறை கேட்டதற்கு எங்கும் சான்றில்லை.

‘புகார் எழுதினால் அடுத்த போகத்துக்குக் கடன் தரமாட்டார்கள்’ என்ற அச்சம் பல ஊர்களில் உண்டு. இந்த அச்சமே தகாத பிடித்தங்களுக்குப் பெரிய அரண். இங்கேதான் பஞ்சாயத்து உறுப்பினரின் தொண்டு தேவைப்படுகிறது. ஒரே வகைக் குறையுடைய பத்துப் பேரின் கடிதங்களை ஒரே நாளில் கொண்டு சென்று கொடுத்தால், தனி ஒருவர் மீது எவர் கண்ணும் விழாது. வட்டார அளவில் வங்கியாளர் குழு கூடுகிறது. அரையாண்டுக்கொரு முறை அதற்கு ஊராட்சி ஒன்றியப் பிரதிநிதிகளை அழைக்கும் முறை உண்டு. மாவட்ட ஆட்சியர் நடத்தும் மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் முன்னோடி வங்கி மேலாளரும் கூட்டுறவுத் துறை அலுவலரும் கலந்துகொள்வர். எண்ணும் தேதியும் குறித்த மனுவுக்கு அங்கே மதிப்பு மிகுதி.

முப்பது நாளில் விடை வராவிடினும், வந்த விடை நிறைவளிக்காவிடினும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். 1995ஆம் ஆண்டு முதல் இவ்வமைப்பு உண்டு. 2021ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த திட்டத்தினால், எந்த ஊரிலிருந்தும் ஒரே இடத்திற்கு எழுதும் வசதி ஏற்பட்டது. ரிசர்வ் வங்கி, செக்டர் 17, சண்டிகர் 160017 என்னும் முகவரியிலுள்ள மையத்திற்குச் சாதாரணத் தபாலிலும் அனுப்பலாம். ரிசர்வ் வங்கியின் இணையதளம் வழியாகவும் அனுப்பலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வழியாக அனுப்பினால் ஏற்கமாட்டார்கள். உரியவர் தாமே எழுதுதல் வேண்டும், அல்லது வழக்கறிஞரல்லாத ஒருவர்க்கு அதிகாரம் அளித்தல் வேண்டும். முத்திரையிட்ட கடிதப் படியும் கணக்கு விவரமும் உடன் இருத்தல் அவசியம். இதற்குக் காலவரை உண்டாதலால், முப்பது நாள் கழிந்தவுடனே எழுதுவது நல்லது. கணக்கு எண்ணைக் கேட்பார்கள்; ரகசிய எண்ணையோ கைபேசிக்கு வரும் ஒருமுறை எண்ணையோ எவரும் கேட்கமாட்டார்கள். கேட்பவர் குறைதீர்ப்பாளர் அல்லர், திருடர்.

மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் 2025ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளிலிருந்து இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டன. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இதில் அடங்கா. சங்கத்தோடுள்ள வழக்கை 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 90ஆம் பிரிவின்கீழ்ப் பதிவாளரிடம் கொண்டு செல்லுதல் வேண்டும். சரகத் துணைப் பதிவாளர் அலுவலகத்தில் இம்மனுவை அளிக்கலாம்.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமும் உளது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் அங்கே முறையிடுதல் வேண்டும். சேவைக்காகச் செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மிகாதபோது மனுக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமன்று. ஆனால் அங்கே வழக்கு நடக்கும்போது அதே குறையைக் குறைதீர்ப்பாளர் ஏற்கமாட்டார். ஆதலின் முதலில் சண்டிகருக்கு எழுதி விடை பெற்றுக்கொண்டு, அதன்பின் தேவையாயின் ஆணையத்திற்குச் செல்வதே வரிசை.